வலியை மறைக்கும் பிள்ளைகள்

மாத்தளையில் ஒரு தாயைச் சந்தித்தேன். 2009இல் கணவரை இழந்து, முல்லைத்தீவிலிருந்து இங்குள்ள உறவினரிடம் வந்து சேர்ந்தவர். பாடசாலை றகர் அணியில் சேர்வதற்கு மகன் அவரது கையொப்பத்தைக் கேட்டிருந்தான்.

"ஒருத்தரைக் குடுத்தது போதும் மிஸ். இவனுக்கும் ஏதும் நடந்தால் நான் என்ன செய்வன்?" என்றார்.

அவரது பயம் நியாயமானதே. றகர் உடலோடு உடல் மோதும் விளையாட்டு. பந்துடன் ஓடுபவரை மடக்கி வீழ்த்தும்போதே அதிக காயங்கள் ஏற்படுகின்றன. ஆயினும் மலைநாட்டில் இது நீண்டகாலமாக வேரூன்றிய விளையாட்டு. 1906இலேயே கண்டியில் கிங்ஸ்வூட், திரித்துவக் கல்லூரிகள் மோதியுள்ளன. தந்தையை இழந்த பிள்ளைக்கு ஓர் அணி நண்பர்களையும் தன்னம்பிக்கையையும் தரக்கூடும். ஆகவே மறுப்பதற்கு முன், பயிற்றுவிப்பாளரிடம் மூன்று விடயங்களைக் கேட்போம்.

முதலாவது, விளையாட்டுக்கு முன் உடலைத் தயார்படுத்தும் பயிற்சி. இங்கிலாந்தில் 14 முதல் 18 வயது வரையான பாடசாலை மாணவரிடையே செய்யப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், கழுத்து, தோள், கால்களைப் பலப்படுத்தும் சுமார் 20 நிமிடப் பயிற்சியை வாரத்தில் மூன்று தடவையாவது செய்த அணிகளில் போட்டிக் காயங்கள் 72 சதவீதம் குறைவாக இருந்தன. இதற்குப் பணம் தேவையில்லை.

இரண்டாவது, மடக்கி வீழ்த்தும் முறையைப் படிப்படியாகக் கற்பிக்கிறார்களா? தலை எதிராளியின் உடலுக்குக் குறுக்கே போகாமல் பக்கவாட்டில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, மைதானத்தில் முதலுதவி தெரிந்தவர் இருக்கிறாரா? பற்காப்பு உறை அணிகிறார்களா? மென்மையான தலைக்கவசம் தோல் காயங்களைக் குறைக்கலாம். மூளை அதிர்ச்சியைத் தடுக்கும் என நம்பியிருக்கக் கூடாது.

தலையில் அடிபட்டபின் தலைவலி, தலைச்சுற்று, குழப்பம், மறதி தோன்றினால் பிள்ளை உடனே வெளியேற வேண்டும். "இப்போது சுகம்" என்றாலும் அன்று மீண்டும் விளையாடக் கூடாது. முதல் அடி ஆறுமுன் விழும் இரண்டாவது அடி உயிருக்கே ஆபத்தாகலாம். வைத்தியரின் அனுமதியின்றி மைதானத்துக்குத் திரும்ப விடாதீர்கள். தொடர்ந்து வாந்தி, வலிப்பு, கூடிவரும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், கழுத்து வலி, கைகால் விறைப்பு இருந்தால் 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள். கழுத்தில் அடிபட்டவரைத் தூக்கி நிறுத்த வேண்டாம்.

இவை எல்லாவற்றுக்கும் பிள்ளை வாய் திறந்து சொல்ல வேண்டும். எமது வீடுகளில் அதுவே கடினம். அந்த மகனும் முன்பு ஒரு தடவை தலையில் அடிபட்டு, இரண்டு நாட்கள் மறைத்திருந்தான். கேட்டபோது, "அம்மா அழுவா எண்டுதான்" என்றான். தாயின் துயரைக் கண்டு வளர்ந்த பிள்ளை தன் வலியை விழுங்கப் பழகிவிடுகிறது.

தாய் சிறிது நேரம் பேசவில்லை. பயிற்றுவிப்பாளரைச் சந்தித்து வந்த பின் கையொப்பமிட்டார். மகனிடம் ஒன்றை மட்டும் கேட்டார்: "நோ எண்டால் முதல் எனக்குச் சொல்லு. நான் அழமாட்டன்."