அந்தச் சுவர்களைக் கட்டிய பெண்கள்

நியூ மெக்சிகோவில் பியூப்ளோ பழங்குடி மக்களின் பழைய ஊர்களையும் ஸ்பானிய மிஷன் கோயில்களையும் சுற்றிக் காட்டும் குழுப் பயணங்களுக்கு ஒரு வழக்கமான தடம் உண்டு. ஆல்புகர்க்கியில் பஸ் ஏறினால் முதலில் தென்கிழக்கே மவுண்டெய்னேர் என்ற சின்ன ஊர். அதைச் சுற்றி அபோ, குவாராய், கிரான் கிவீரா என்று மூன்று இடிபாடுகள். மூன்றும் சேர்ந்து சலீனாஸ் தேசிய நினைவிடம். பிறகு வடக்கே பெகோஸ். கடைசியாக மேற்கே, தட்டைப் பாறை மலையின் உச்சியில் இன்றும் ஆள் குடியிருக்கும் ஆக்கோமா. அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள், நயாகராவும் நியூயார்க்கும் பார்த்து முடித்தவர்கள், அவசியம் போக வேண்டிய தடம் இது.

நான் போன குழுவின் வழிகாட்டி நன்றாகப் படித்தவர். எந்தக் கோயிலை எந்தப் பாதிரியார் எந்த ஆண்டு தொடங்கினார், எவர் முடித்தார், எவர் எங்கே புதைக்கப்பட்டார் என்று தாள் பார்க்காமல் சொன்னார். கேட்கக் கேட்க எனக்கு ஒன்று உறுத்த ஆரம்பித்தது. நாற்பது அடி உயரத்துக்குச் சுவர் நிற்கிறது. பாதிரியார் ஒருவர், மிஞ்சினால் இருவர். கல்லை அடுக்கியது யார்?

குவாராயில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எல்லோருடைய கழுத்தும் மேலே போனது. செம்மணற்கல்லால் எழுப்பிய கோயில், கூரை போய்விட்டது, சுவர் மட்டும் வானத்தை முட்டிக்கொண்டு நிற்கிறது. 1627இல் தொடங்கியது. எல்லோரும் நேராக அதை நோக்கி நடந்தோம். நடைபாதையின் ஓரத்தில் புல் முளைத்த மேடுகள் வரிசையாகக் கிடந்தன. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மேடுகள்தான் ஊர். பல தலைமுறை வாழ்ந்த அடுக்கு வீடுகள் இடிந்து, மண் மூடி, பெரும்பகுதி தோண்டப்படாமலே இருக்கின்றன. கோயில் நிற்பதால் பார்க்கிறோம், ஊர் விழுந்துவிட்டதால் தாண்டிப் போகிறோம். சுற்றுலாவின் நேரக் கணக்கும் அப்படித்தான் போடப்பட்டிருக்கிறது. கோயிலுக்கு விளக்கம், படம் எடுக்க நேரம், மறுபடி விளக்கம். மேடுகளுக்கு ஒரு வாக்கியம்.

கல்லை அடுக்கியது யார் என்பதற்கு விடை தெரியாமல் இல்லை. அந்தக் காலத்துப் பாதிரியாரே எழுதிவைத்திருக்கிறார். நியூ மெக்சிகோ மிஷன்களுக்குத் தலைமை தாங்கிய அலோன்சோ தே பெனவீதஸ் 1630இல் ஸ்பானிய மன்னருக்குக் கொடுத்த அறிக்கையில் இதைச் சொல்கிறார். பியூப்ளோ மக்களிடையே சுவர் எழுப்புவது பெண்களின் வேலை. ஆண்கள் நூல் நூற்பார்கள், நெய்வார்கள், வேட்டைக்கும் போருக்கும் போவார்கள். ஓர் ஆணைச் சுவர் கட்டச் சொன்னால் வெட்கப்பட்டு ஓடிவிடுவான், பெண்கள் பார்த்துச் சிரிப்பார்கள். ஆக, அவர் பெருமையோடு கணக்குக் காட்டிய கோயில்களையும் குருமடங்களையும் எழுப்பியவர்கள் பெண்களும், கூடவே சிறுவர் சிறுமியரும்தான்.

நம் ஊர்க் கட்டட வேலையில் பெண் சும்மாடு கட்டி மண் சுமந்து, கடைசிவரை சித்தாளாகவே இருந்துவிடுகிறாள். அங்கே கொத்தனாரே அவள்தான். எந்தக் கல் எங்கே உட்காரும், சாந்து எவ்வளவு இறுக வேண்டும் என்று தீர்மானித்த கை அவளுடையது. இது பாதிரிமார் வந்து கற்றுக்கொடுத்த தொழிலும் இல்லை. ஸ்பானியர் காலடி வைப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மேசா வெர்டே, சாக்கோ பள்ளத்தாக்கு என்று நான்கு மாடி வரை கல்லால் எழுப்பிய மரபு அது. ஸ்பானியர் கொண்டுவந்தது இரும்புக் கருவி, செங்கல் அச்சு, கோயிலின் வரைபடம். சுவர் கட்டும் அறிவு அங்கேயே இருந்தது.

அபோவில் சுவருக்கு அருகே போய் நின்று பார்த்தேன். தொடக் கூடாது, சாயவும் கூடாது என்று பூங்கா ஊழியர் முன்பே சொல்லிவிட்டார். பார்க்கத் தடையில்லை. சிவந்த கற்பலகைகள், பல இடங்களில் இரண்டு விரல் கனம்தான் இருக்கும், ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கின்றன. இரண்டு கல்லுக்கு நடுவே சந்து விழுந்த இடத்தில் நகத்தளவு சில்லு ஒன்றைச் செருகி இறுக்கியிருக்கிறார்கள். சுண்ணாம்பு இல்லை, வெறும் மண்சாந்து. அதை நம்பி இத்தனை உயரம் எழுப்பி, அது முந்நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் நின்றும் காட்டிவிட்டது.

கிரான் கிவீராவில் கல்லின் நிறம் மாறிவிடுகிறது. சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல். ஆறு கிடையாது, ஓடை கிடையாது. வானம் பார்த்த பூமி. எங்கள் குழுவில் திருச்சிக்காரர் ஒருவர் இருந்தார், கட்டடப் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதுவரை வாயே திறக்காதவர் இங்கே என் பக்கத்தில் வந்து கேட்டார்: “மேடம், கல்லு பக்கத்துலயே கிடக்கு, சரி. இவ்வளவு மண்ணைக் குழைக்கத் தண்ணி எங்கேருந்து வந்திருக்கும்? நம்ம சைட்ல முதல்ல போர் போடுவோம், அப்புறம்தான் அஸ்திவாரம்.”

பயணம் முழுவதும் கேட்கப்பட்ட கேள்விகளில் இதுதான் ஆகச் சரியான கேள்வி என்று நினைக்கிறேன். வழிகாட்டியிடம் கேட்டோம். மழைநீரைத் தேக்கி வைத்தும் கிணறு தோண்டியும் சமாளித்தார்கள் என்றார். குடிக்கச் சேர்த்த நீர்தான் சாந்துக்கும். இந்த ஊரில் சான் பூவெனாவெந்தூரா என்ற பெரிய கோயிலை 1659 வாக்கில் தொடங்கினார்கள். அடுத்த பத்தாண்டில் மழை பொய்த்தது. 1668இல் இந்த ஒரே ஊரில் 450 பேருக்கு மேல் பசியால் செத்ததாகப் பாதிரிமார் கடிதமே சொல்கிறது. கோயில் முடிக்கப்படவே இல்லை. வறட்சி, பஞ்சம், தொற்றுநோய், அப்பாச்சிகளின் தாக்குதல் எல்லாம் சேர்ந்து 1670களில் சலீனாஸ் ஊர்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. காரணப் பட்டியலை எல்லா வழிகாட்டிப் பலகையும் சொல்கிறது. ஆண்டுதோறும் வீட்டுக்கு இவ்வளவு சோளம், இவ்வளவு துணி என்று குடியேறிகள் வாங்கிய வரியையும், வயலுக்குப் போக வேண்டிய கைகள் சுவருக்குப் போனதையும் அந்தப் பட்டியலின் முதல் வரியில் போட வேண்டும் என்பேன்.

இங்கே ஒரு மேடு மட்டும் முழுதாகத் தோண்டப்பட்டிருக்கிறது. ஏழாம் மேடு. 1960களின் நடுவில் அகழ்ந்தபோது 226 அறைகள் வெளிப்பட்டன. அவற்றில் சில அறைகளின் கதை என்னை விடவில்லை. 1661இல் பிரான்சிஸ்கன் குருமார் கச்சினா என்ற முகமூடிச் சடங்கு நடனங்களுக்குத் தடை போட்டு, முகமூடிகளைத் திரட்டி எரித்தார்கள். கீவா எனும் வழிபாட்டு அறைகள் அழிக்கப்பட்டன. ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? வீட்டு வரிசைக்குள்ளேயே சாதாரண அறைகளை எடுத்து, கண்ணுக்குத் தெரியாமல் கீவாவாக மாற்றிக்கொண்டார்கள். பகலில் அங்கே கோயில் சுவர் ஏறிக்கொண்டிருக்க, இங்கே வீட்டுக்குள் தங்கள் வழிபாட்டுக்கு இடம் ஒதுக்கிக்கொண்டார்கள். இந்த அறைகளுக்கு முன்னால் பத்து நிமிடம் நிறுத்திப் பேசாத சுற்றுலா என்ன சுற்றுலா?

அபோவிலும் குவாராயிலும் குருமடத்தின் உள்முற்றத்திலேயே கீவா இருக்கிறது. அபோவில் வட்டம், குவாராயில் சதுரம். அது ஏன் அங்கே வந்தது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. மக்களை மெல்ல இழுக்கப் பாதிரிமாரே இடம்விட்டார்கள் என்பது ஒரு கட்சி, மற்றவர்கள் அதை ஏற்கவில்லை.

பெகோஸில் கதை வேறு. அங்கே பச்சைச் செங்கல். 1620களில் எழுந்த பெரிய கோயிலுக்கு மூன்று லட்சம் செங்கல் ஆனதாகச் சொல்கிறார்கள், ஒவ்வொன்றும் நாற்பது பவுண்டு. பெனவீதஸ் அந்தக் கோயிலைப் புகழ்ந்து எழுதியதைப் பிற்காலத்து அறிஞர்கள் மிகையென்று ஒதுக்கியிருந்தார்கள். 1967இல் அஸ்திவாரம் கிடைத்த பிறகுதான் அவர் உள்ளதைத்தான் எழுதியிருக்கிறார் என்று ஒப்புக்கொண்டார்கள். கோயிலின் அளவில் அவரை நம்பியவர்கள், அதைக் கட்டியது பெண்கள் என்று அவர் எழுதியதையும் அதே உரத்த குரலில் சொல்ல வேண்டாமா? 1680 ஆகஸ்டில் போப்பே என்ற பியூப்ளோ தலைவரின் கீழ் பியூப்ளோ ஊர்கள் ஸ்பானியருக்கு எதிராக ஒன்றாக எழுந்தபோது இந்தக் கோயில் வீழ்ந்தது. இன்று நாம் பார்ப்பது 1717இல் அதன் அஸ்திவாரத்துக்குள்ளேயே கட்டிய சிறிய கோயிலின் மிச்சம். பெகோஸின் கடைசிக் குடிகள் 1838இல் ஹெமெஸ் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். “மறைந்துபோன மக்கள்” என்று எங்கள் வழிகாட்டி இங்கே ஒரு முறை சொன்னார். அவர்கள் மறையவில்லை. தொல்லியலாளர் கிட்டரின் அகழ்வாய்வில் எடுத்துச் செல்லப்பட்டுக் கிழக்குக் கரை அருங்காட்சியகங்களில் கிடந்த ஏறக்குறைய 2,000 முன்னோர்களின் எலும்புகள் 1999இல் திரும்பி வந்தபோது, அடக்கம் செய்ய ஹெமெஸிலிருந்து நடந்தே வந்தவர்கள் அவர்களுடைய பிள்ளைகள்தான்.

மிஷன்கள் ஆடு மாடும் கோதுமையும் பழமரங்களும் தந்தன, மனமுவந்து ஞானஸ்நானம் பெற்றவர்களும் உண்டு என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். அதிலும் உண்மை உண்டு.

ஆனால் ஆக்கோமாவில் அந்த வாதத்தை வாய்விட்டுச் சொல்லத் துணிச்சல் வேண்டும். 1599 ஜனவரியில் ஸ்பானியப் படை இந்த மலையேறிப் பல நூறு பேரைக் கொன்றது. பிடிபட்டவர்களில் 25 வயதைத் தாண்டிய ஆண்களின் ஒரு பாதத்தை வெட்ட வேண்டும், அவர்களும் 12 வயதைத் தாண்டிய மற்ற ஆண்களும் பெண்களும் 20 ஆண்டு அடிமை வேலை செய்ய வேண்டும் என்று தீர்ப்பு. தப்பித்து ஊர் திரும்பியவர்கள் மறுபடி வீடு கட்டிக்கொண்டார்கள். 1629இல் அதே உச்சியில் சான் எஸ்தேபான் தெல் ரேய் கோயில் வேலை தொடங்கியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினைந்து வயதில் அந்தத் தீர்ப்பைக் கேட்ட பெண்ணுக்கு அப்போது நாற்பத்தைந்து. கல்லும் மண்ணும் நீரும் எல்லாம் கீழேயிருந்து சுமார் 360 அடி உயரத்துக்குச் சுமந்து ஏற்ற வேண்டும். உத்தரங்கள் சுமார் 30 மைல் தொலைவில் உள்ள மவுண்ட் டெய்லரிலிருந்து தோளில் வந்தன. கல்லறைத் தோட்டத்துக்கான மண்ணைக்கூடக் கீழிருந்துதான் கொண்டுவந்து கொட்டினார்கள்.

இந்தப் பயணத்திலேயே மனம் நிறைந்த இடமும் ஆக்கோமாதான். மலைமேல் வெளி வழிகாட்டிகள் விளக்கம் சொல்ல முடியாது. ஆக்கோமா மக்களில் ஒருவர்தான் அழைத்துப் போகிறார். நாங்கள் போனபோது வந்தவர் ஒரு பெண். கோயிலுக்குள்ளும் கல்லறைத் தோட்டத்திலும் படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் ஆரம்பித்தது பாதிரியாரிடமிருந்து இல்லை, வீட்டிலிருந்து. இங்கே வீடு பெண்வழியில் போகிறது, கடைசி மகளுக்கு என்றார். மலைமேல் மின்சாரக் கம்பி இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, ஆண்டு முழுவதும் தங்குவது சில குடும்பங்களே. ஆனால் திருவிழாவுக்கு எல்லோரும் ஏறி வந்துவிடுவார்கள். கல்லறைச் சுவரில் ஒரு துளையைக் காட்டினார். அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் ஆவி ஊர் திரும்ப விட்ட வழியாம். அதே கதையை எங்கள் பஸ் வழிகாட்டி சொல்லியிருந்தால் ஒரு தகவலாகப் போயிருக்கும்.

மண் வேலை இந்த மாநிலத்தில் பழங்கதையும் ஆகிவிடவில்லை. நியூ மெக்சிகோவில் மண்பூச்சு வேலையில் தேர்ந்த பெண்களை இன்றும் என்ஹர்ராதோரா என்று அழைக்கிறார்கள். ராஞ்சோஸ் தே தாவோஸ் என்ற ஊரின் கோயிலுக்கு 1967இல் சிமென்ட் பூசினார்கள். ஈரம் உள்ளேயே தங்கி, பச்சைச் செங்கல் ஊறிப்போனது. 1979இல் சிமென்டை உரித்துவிட்டு மண்ணுக்கே திரும்பினார்கள். அன்றுமுதல் கோடைதோறும் ஊரே கூடி, வைக்கோல் கலந்த மண்ணைக் கையால் பூசுகிறது.

இந்தத் தடத்தில் போக நினைப்பவர்கள், முன்பதிவு செய்யும்போதே பயண ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள்: பியூப்ளோ மக்களில் ஒருவர் எந்தெந்த இடத்தில் பேசுவார்? கிரான் கிவீராவில் ஏழாம் மேட்டுக்கு எவ்வளவு நேரம்? சரியான பதில் வராவிட்டால் வேறு குழுவைப் பாருங்கள். தேதி உங்கள் கையில் இருந்தால் ஆகஸ்ட் முதல் ஞாயிற்றுக்கிழமை பெகோஸில் இருக்கும்படி திட்டமிடுங்கள். கூரையில்லாத அந்தக் கோயிலில் அன்று திருவிழாத் திருப்பலி நடக்கும், ஹெமெஸிலிருந்து பெகோஸ் வழியினர் வருவார்கள். அங்கே யாரையும் படம் எடுக்குமுன் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.