அயலார் குருதியும் இளஞ்சிறார் ஈரலும்

பிறந்து ஓரிரண்டு ஆண்டுகள் நிரம்புமுன்னரே முகம் வெளுத்து, வயிறு பருத்து, உண்ண மறுத்துச் சோர்ந்து கிடக்கும் குழவியர் சிலர் உளர். அவரைப் பற்றிய நோயைத் தலசீமியா என்பர். தாய் தந்தையர் இருவரிடத்தும் மறைந்து நின்ற குறை மகவினிடத்து ஒருங்கு கூடுதலால், குருதிக்குச் செந்நிறம் தரும் பொருள் செவ்வனே உண்டாகாதொழிகின்றது. 1925-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் தாமஸ் கூலி என்பார் இதனை விளங்க எடுத்துரைத்தார். இதன் கொடிய வகையால் வருந்தும் சிறார்க்கு, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை அயலார் குருதியை ஏற்றினாலன்றி உயிர் நில்லாது.

உயிரளிக்கும் அக்குருதியே நோயளித்தலும் கூடும் என்பதே யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள். ஈரலை அழற்றும் நுண்கிருமிகளுள் பி, சி என வழங்கும் இரண்டும் குருதி வழியே பரவுவன. ஆயிரம் பைகளுள் ஒன்றே நச்சுடையதென வைத்துக்கொள்வோம். கணக்கு விளங்குதற்பொருட்டு யாமே கொண்ட எண் இது. ஒருமுறை மட்டும் குருதி பெறுவோனுக்கு அஃது அத்துணை அஞ்சத்தக்கதன்று. மூன்று வாரத்திற்கு ஒரு பை பெறும் சிறுவனோ ஆண்டிற்கு 17 பைகளும், 12 ஆண்டுகளில் 200-க்கு மேலும் பெறுகின்றான். அவன் ஒருமுறையேனும் நஞ்சினை ஏற்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 18 ஆகின்றது!

நிற்க. பி கிருமியைக் காணத் துணைநின்றதும் பன்முறை குருதி பெற்ற ஒருவரது குருதியே என்பது வியப்பிற்குரியது. அத்தகையோர் உடம்பில் அயற்பொருளை எதிர்க்கும் பொருள்கள் பல தோன்றும். ஈமோபீலியா நோயாளி ஒருவரது குருதிநீர், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரது குருதிநீரோடு வினைபுரிதலைப் பாரூக் புளும்பர்க் என்னும் அறிஞர் கண்டு 1965-இல் வெளியிட்டார். 1976-இல் நோபல் பரிசும் பெற்றார். சி கிருமியோ 1989 வரை அகப்படவில்லை. அதுகாறும் அந்நோய்க்கு 'ஏயும் அன்று பியும் அன்று' என்பதே பெயர். இதுவும் ஒரு பெயரோ என நகைத்தல் வேண்டா. அறியாததை அறியோம் என்னும் நேர்மை அதன்கண் உண்டு.

இக்காலத்துக் கொடையாளர் குருதி சோதிக்கப்படுகின்றதே எனின், உண்மையே. ஆயினும் சி கிருமி புகுந்த பின்னர் எதிர்ப்பொருள் தோன்ற இரண்டு மாதங்களுக்கு மேலும் ஆகும். அவ்விடைவெளியில் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை, நச்சுக் குருதியைத் தூயதென்றே கூறும். கிருமியின் மரபுப் பொருளையே நாடும் புதிய சோதனை இவ்விடைவெளியைச் சில நாட்களாகக் குறைக்கின்றது, முற்றும் நீக்குவதன்று. செலவு மிகுதலின் நம் நாட்டுக் குருதி வங்கிகள் யாவற்றினும் அது நடைபெறுவதுமில்லை. ஆதலின் கொடையாளர் வாய்மையே முதற்காவல். பொருளுக்குக் குருதி விற்போர் தம் நோயை மறைப்பர் என்று அஞ்சியே, 1996-இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி 1998 ஜனவரி முதல் அவ்விற்பனை நம் நாட்டில் தடுக்கப்பட்டது. பொருள் பெறாத மாணவரும் பிழை செய்வதுண்டு. குருதிக்கொடை முகாம்களில், மஞ்சட்காமாலை கண்டதுண்டோ என்னும் வினாவைப் படியாமலே 'இல்லை' என்று எழுதும் தோழரை யாம் கண்டிருக்கின்றோம்.

சி கிருமி புகுந்த சிறுவன் நெடுங்காலம் யாதொரு குறியும் காட்டாதிருத்தல் கூடும். குருதி ஏற்றுந்தோறும் இரும்பும் ஈரலில் தங்குதலின், கிருமியும் இரும்பும் கூடி அதனை விரைவில் வடுப்படுத்துகின்றன. பி வகைக்குத் தடுப்பூசி உண்டு; சி வகைக்கு இல்லை. எனினும் எட்டு அல்லது பன்னிரண்டு வாரம் உட்கொள்ளும் புதிய மாத்திரைகளால் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் நலமடைகின்றனர். மூன்று வயது நிரம்பிய குழந்தைகட்கும் அவற்றை அளிக்கலாமென உலக சுகாதார நிறுவனம் 2022-இல் அறிவித்துள்ளது.