மடிக்கணினியின் உறக்கமும் ஆழ்துயிலும்

கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வந்த ஆண்டு 1902. காவிரியின் சிவசமுத்திர அருவியருகே உருவான அம்மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் நீளக் கம்பிகளின் வழியே நம் சுரங்கங்களை அடைந்தது. பெங்களூரு நகரில் மின்விளக்குகள் ஒளிர்ந்தது 1905இல்தான்.

வடஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து வந்த நம் முன்னோர், நிலத்தடியில் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி உழைத்தனர். அங்கு ஊறும் நீரைப் பம்புகள் இரவும் பகலும் இறைத்துக்கொண்டிருந்தன. 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. பம்புகள் நின்றபின் நீர் மெல்ல நிறைந்து சுரங்கங்களை மூழ்கடித்தது. ஓயாத மின்சாரத்தை நம்பியிருப்பவை, அது நின்றால் நிலைகுலையும் என்பதை நம் ஊரே காட்டுகிறது. மடிக்கணினியிலும் அத்தகைய பகுதி ஒன்று உண்டு. அதுவே தற்காலிக நினைவகம்.

நீங்கள் தட்டச்சு செய்யும் கட்டுரை முதலில் தங்குமிடம் இந்நினைவகமே. மின்சாரம் உள்ளவரைதான் அது செய்தியைத் தாங்கும். இதனை வகுப்பறைக் கரும்பலகைக்கு ஒப்பிடலாம். வன்தட்டு போன்ற சேமிப்பகமோ உங்கள் குறிப்பேட்டைப் போன்றது. மின்சாரம் இல்லாதபோதும் அதில் எழுதியது அழியாது.

மடிக்கணினியை மூடினால் அது பெரும்பாலும் 'ஸ்லீப்' எனப்படும் உறக்கநிலைக்குச் செல்லும். திரை அணையும்; செயலி ஓய்வெடுக்கும்; தற்காலிக நினைவகம் மட்டும் சிறிதளவு மின்சாரத்தைப் பெற்றுக்கொண்டே இருக்கும். அதனால் திறந்தவுடன் கணினி விழித்துக்கொள்கிறது. ஆயினும் பேட்டரி முற்றிலும் தீர்ந்துவிட்டால், சேமிக்காத கட்டுரை கரும்பலகை எழுத்தாய் அழிந்துபோகலாம்.

'ஹைபர்நேட்' எனப்படும் ஆழ்துயில் வேறுவகையானது. குளிர்நாட்டு விலங்குகள் சில, பனிக்காலம் முழுதும் உணவின்றித் துயில்வதால் இப்பெயர் அமைந்தது. இந்நிலையில் கணினி, தற்காலிக நினைவகத்தில் உள்ளவற்றைச் சேமிப்பகத்தில் எழுதிவைத்துவிட்டு அணைந்துவிடும். மீண்டும் இயக்கினால், விட்ட இடத்திலிருந்தே பணியைத் தொடரலாம். விழித்தெழச் சற்று நேரம் கூடுதலாகும். ஆனால், பேட்டரி தீர்ந்தாலும் அப்பணிக்குக் கேடில்லை.

எனவே உணவு இடைவேளை போன்ற சிறு ஓய்வுக்கு உறக்கநிலை போதும். இரவு முழுதும் வைக்கவோ, தொடர்வண்டியில் நெடுந்தொலைவு எடுத்துச்செல்லவோ நேர்ந்தால் ஆழ்துயிலே நன்று. விண்டோஸ் கணினிகள் சிலவற்றில் இவ்வசதி மறைந்திருக்கும். கண்ட்ரோல் பேனலில் உள்ள 'பவர் ஆப்ஷன்ஸ்' பகுதியில் அதனை வெளிக்கொணரலாம். பேட்டரி மிகக் குறையும்போது கணினி தானே ஆழ்துயிலுக்குச் செல்லுமாறும் அங்கே அமைக்கலாம்.

திரையின் ஒளியைக் குறைத்தால் பேட்டரி நெடுநேரம் உழைக்கும். வெப்பம் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். ஆதலால் மெத்தைமீது வைத்துக் காற்றுத்துளைகளை அடைத்தல் கூடாது. எந்நிலைக்கு அனுப்பினாலும், எழுதியதை முதலில் சேமித்துவிடுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. தற்காலிக நினைவகம் கரும்பலகைக்கு ஒப்பிடப்படுவது ஏன்?
2. உறக்கநிலைக்கும் ஆழ்துயிலுக்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டனை எழுதுக.
3. சுரங்கப் பம்புகளைப் போல ஓயாத மின்சாரம் தேவைப்படும் பொருள்கள் மூன்றனை உம் ஊரில் கண்டறிந்து எழுதுக.