கால் மரத்துப்போவது பரம்பரையா?



சித்திரை வெயிலில் மாட்டுத்தாவணி தார்ச்சாலையில் நடக்கும்போது, செருப்பு கழன்று விழுந்ததைக்கூடச் சிலர் அறிவதில்லை. நீடித்த சர்க்கரை வியாதி நரம்புகளைக் கெடுத்து, பாதத்தின் உணர்வைப் பறித்துவிடுவதே காரணம். 2008இல் வெளியான சென்னை ஆய்வு ஒன்றில், சர்க்கரை வியாதியுள்ளவர்களில் நூற்றுக்கு 26 பேருக்கு இந்தப் பாதிப்பு இருந்தது.

"அப்பாவுக்குக் காலை எடுத்தார்கள், எனக்கும் அதுதான்" என்று பலர் சோர்ந்துபோகிறார்கள். பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பது மெய்யே. ஒரே அளவு சர்க்கரையுள்ள இருவரில் ஒருவருக்கு நரம்பு கெடுகிறது, மற்றவருக்குக் கெடுவதில்லை. 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இரண்டாம் குரோமோசோமில் ஒரு சிறு மாற்றம் உள்ளவர்களுக்கு இப்பாதிப்பு குறைவாகக் காணப்பட்டது. ஆனாலும் சர்க்கரையின் அளவு, வியாதி வந்து கழிந்த வருடங்கள், புகைப்பழக்கம் எல்லாம் சேர்ந்தே நரம்பைக் கெடுக்கின்றன.

கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946 முதல் வேலூரில் பணிசெய்தவர். தொழுநோயாளிகள் விரல்களை இழப்பது பெரும்பாலும் வலி தெரியாமல் ஏற்படும் காயங்களால்தான் என்று அவர் காட்டினார். சர்க்கரை வியாதிக்காரரின் பாதத்துக்கும் இதுவே பாடம். வலி சொல்லாததைக் கண்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே தினமும் இரவில் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். வெறுங்காலோடு நடக்காதீர்கள். வருடம் ஒருமுறை மருத்துவரிடம் பாத உணர்வைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். உங்கள் சபையில் குனிய முடியாத முதியவர் இருந்தால், அவர் பாதத்தை நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.