மார்சிலிங்கின் காற்பந்துக் கழகம்

‘கழகம்’ என்னும் சொல்லை வள்ளுவர் சூது அதிகாரத்தில் சூதாடு களத்துக்கு வழங்கினார். கம்பரோ பாலகாண்டத்தில் இளைஞர் கலை பயிலும் இடத்துக்கு வழங்கினார். அதே பாட்டில் இளமகளிர் பந்து பயிலும் இடமும் அருகே வைத்துப் பேசப்படுகின்றது. இன்றைய சிங்கப்பூரில் நமக்கு வீடு கட்டித் தந்தது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். மாலையில் பந்தாடுவோர் அமைத்துக் கொள்வது காற்பந்துக் கழகம். இவ்விரு கழகங்களும் சந்தித்த ஊர்களுள் ஒன்று மார்சிலிங். அங்கு ஆடிய கழகம் எவ்வாறு தோன்றி எவ்வாறு மறைந்தது என்பதை ஆராயுமுன், கழகம் ஓர் ஊரில் வேரூன்றுவது எங்ஙனம் என்பதை அறிதல் நலம். அதற்கு அயர்லாந்து தக்க சான்றாகும்.

கிளேர் மாவட்டத்துப் பள்ளி ஆசிரியர் மைக்கேல் கியூசக் முதலியோர் 1884 நவம்பர் 1ஆம் நாள் தர்லசு நகர விடுதி ஒன்றில் கூடி, கேலிக் விளையாட்டுச் சங்கத்தை நிறுவினர். ஆங்கிலேயர் ஆட்சியில் நாட்டு விளையாட்டுக்கள் நலிவதைக் கண்டு எழுந்த முயற்சி அது. மறு ஆண்டே கேலிக் காற்பந்துக்கு விதிகள் வகுக்கப்பெற்றன. பக்கத்துக்குப் பதினைந்து பேர். கையாலும் காலாலும் பந்தை ஆளலாம். குறுக்குக் கம்பத்துக்குக் கீழே வலையில் செலுத்தினால் 3 புள்ளி, மேலே செலுத்தினால் 1 புள்ளி. (2025ஆம் ஆண்டுப் புதுவிதியின்படி, 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து மேலே அடித்தால் 2 புள்ளி.)

விதிகளினும் நாம் கருதத்தக்கது அமைப்பு முறையே. அங்குக் கழகத்தின் எல்லை பெரும்பாலும் மாதாகோயிற் பங்கின் எல்லை. ஒருவன் எந்தப் பங்கில் பிறந்து வளர்ந்தானோ அந்தப் பங்குக் கழகத்துக்கே ஆடுவது வழக்கம். ஆட்டத்துக்குச் சம்பளம் இல்லை. எண்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அமரும் குரோக் பார்க் அரங்கில் இறுதியாட்டம் ஆடுபவனும் மறுநாள் தன் தொழிலுக்குத் திரும்புகிறான். 1920 நவம்பர் 21இல் அதே அரங்கில் டப்ளின் அணியும் டிப்பரரி அணியும் ஆடுகையில் ஆங்கிலேயப் படையினர் சுட்டதில் 14 பேர் மாண்டனர். டிப்பரரி ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகனும் அவர்களுள் ஒருவர். (அமிர்தசரசுப் படுகொலையை ஆதரித்து நின்ற பஞ்சாப் ஆளுநர் ஓட்வையர் இதே டிப்பரரியிற் பிறந்தவர். வரலாறு சில வேளைகளில் இவ்வாறு நகைக்கிறது.) குருதி சிந்திக் காத்த சங்கமாதலின் அதனிடம் கடுமையும் இருந்தது. அயல்நாட்டு விளையாட்டுக்களை ஆடும் உறுப்பினரை விலக்கும் விதி 1971 வரை நீடித்தது. அவ்விதி குறுகிய மனத்தின் விளைவு என்பதே எம் கருத்து. ஆயினும் ‘இக்கழகம் எங்களது’ என்று ஊரார் கூறும் உரிமை அங்கு ஐயத்துக்கு இடமின்றி நிலைத்தது.

இனி மார்சிலிங்குக்கு வருவோம். அன்னாசி, ரப்பர்த் தொழில்களில் பெயர் பெற்ற லிம் நீ சூனின் முன்னோர் வாழ்ந்த சீனச் சிற்றூரின் பெயரே இவ்விடத்துக்கு வந்தது என்பர். அதன் கிழக்கே, 1938இல் திறக்கப்பெற்ற செம்பவாங் கடற்படைத் தளம் தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகையாய் உழைத்த இடம். அங்குச் சாலைகளுக்குப் பிரித்தானியப் பேரரசின் ஊர்ப்பெயர்களைச் சூட்டினர்: டெல்லி, கான்பரா, ஆக்லந்து, வெலிங்டன். 1971இல் ஆங்கிலேயப் படை விலகியது, பெயர்கள் தங்கின. அச்செம்பவாங் பகுதியில் 1988இல் தோன்றியதே வெலிங்டன் காற்பந்துக் கழகம். நியூசிலாந்தின் தலைநகரைக் கண்ணாற் காணாதோரும் அப்பெயரைத் தம் பெயராகக் கொண்டாடினர்.

1994இல் மலேசியாவின் லீக், கிண்ணம் இரண்டையும் வென்ற சிங்கப்பூர், அடுத்து அப்போட்டிகளிலிருந்து விலகி, 1996இல் எட்டுக் கழகங்களுடன் தன் சொந்த எஸ்-லீக்கைத் தொடங்கியது. வெலிங்டன் கழகம் ‘உட்லண்ட்ஸ் வெலிங்டன்’ என்னும் பெயருடன் அவ்வெட்டில் ஒன்றாயிற்று. மார்சிலிங் பெருவிரைவு ரயில் நிலையம் திறக்கப்பெற்றதும் அதே ஆண்டு பிப்ரவரியில்தான். நிலையத்திலிருந்து நடந்தே செல்லும் தொலைவில் உட்லண்ட்ஸ் விளையாட்டரங்கம். நாலாயிரத்துச் சொச்சம் பேருக்கு இடம். ஆட்டுக்கடா அக்கழகத்தின் சின்னம். ஆர். வெங்கடாசலம் அதன் பயிற்றுநராய் இருந்தவர்களுள் ஒருவர். கோ தாட் சுவான் நெடுங்காலம் அதற்கு ஆடியவர். செல்வச் செழிப்புள்ள கழகம் அன்று. வென்ற கிண்ணங்களும் சிலவே. 2007இல் முதன்முறையாக நடந்த லீக் கிண்ண இறுதியாட்டத்தில் செங்காங் பொங்கோல் கழகத்தை 4-0 என வென்றதே அதன் பொன்னாள்.

தோற்ற அக்கழகத்தின் கதை நம் பொருளுக்கு மிகவும் வேண்டியது. அது முதலில் மரீன் காசில். 2002இல் செங்காங் மரீன். 2006இல் செங்காங் பொங்கோல். 2011இல் ஹவ்காங் யுனைடெட். புதிய நகரங்கள் எழ எழ, கழகம் தன் பெயரை மாற்றிக்கொண்டு குடிபெயர்ந்தது. 2014ஆம் ஆண்டின் இறுதியில் லீக்கின் அணிகளைக் குறைக்க முடிவு செய்தபோது, உட்லண்ட்ஸ் வெலிங்டன் அந்த ஹவ்காங் கழகத்துடன் இணைக்கப்பட்டது. இணைப்பு என்பது ஏட்டுச் சொல். எஞ்சியது ஹவ்காங் என்னும் பெயர் மட்டுமே. ஏழாண்டுக்கு முன் நான்கு பந்து வாங்கித் தோற்றவரிடம் வென்றவர் அடங்கினர்!

பணமுடையும் பார்வையாளர் குறைவும் காரணம் என்பர். அது மெய்யே. ஆயினும் அதற்கு அடியில் வேறொன்று உண்டு. ஆட்டக்காரர் ஒப்பந்தத்தால் வந்து ஒப்பந்தம் முடிந்ததும் போயினர். அரங்கு அரசுக்கு உரியது. லீக்கில் இடம் தருவதும் எடுப்பதும் சங்கத்தின் கையில். மார்சிலிங் அடுக்குவீட்டுச் சிறுவன் அக்கழகத்துக்கு ஆடவேண்டும் என்னும் முறையும் இல்லை. ஆதலின் கழகத்தை நீக்குகையில் ‘எங்களைக் கேட்டீர்களா?’ என வினவும் உரிமை ஊராருக்கு இல்லாமற் போயிற்று. உள்ளூர்க் கம்பங்கள் அகன்று, பல திசையினின்றும் குடும்பங்கள் வந்து குடியேறிய நகரில் அயர்லாந்தின் பங்கு முறையை அப்படியே நடுதல் இயலாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எனினும் உறுப்பினர் தாமே நடத்தும் கழகங்கள் இங்கும் உள. 1923இல் தோன்றிய சிங்கப்பூர் இந்தியர் சங்கம், லீக்குகள் பல தோன்றி மறைந்த பின்னும் பாலஸ்டியர் சாலைப் பக்கத்தில் நிற்கின்றது. அதன் கட்டடத்துக்கு 1950 ஜூனில் அடிக்கல் நாட்டியவர் நேரு. கேலிக் காற்பந்தும் சிங்கப்பூருக்கு வந்துவிட்டது. ஆசிய கேலிக் போட்டிகள் 1996இல் மணிலாவில் தொடங்கின. இங்குள்ள ஐரிசு மக்கள் ‘சிங்கப்பூர் கேலிக் லயன்ஸ்’ என்னும் கழகம் அமைத்து ஆடுகின்றனர். வேலைநிமித்தம் வந்து போகிறவர்கள் அவர்களுட் பலர். ஊர்விட்டு ஊர் வந்தும் அவர்கள் முதலிற் செய்தது ஓர் அணி சேர்த்ததே.