நீலம் கக்கும் கிருமி

சம்பாரண் என்றதும் 1917-ம் வருஷமும் மகாத்மா காந்தியும் நம் ஞாபகத்துக்கு வருவது சகஜம். அங்கே குடியானவர்கள் இருபது கட்டா நிலத்தில் மூன்று கட்டா அவுரி பயிரிட்டே தீரவேண்டுமென்று வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் நிர்ப்பந்தித்து வந்தார்கள். 1897-ல் ஜெர்மனியின் ரஸாயன நீலம் சந்தைக்கு வந்தது. அவுரியின் விலை சரிந்தது. குடியானவனுக்கு விமோசனம் கிடைத்திருக்க வேண்டுமல்லவா? அதுதான் இல்லை! "அவுரிக் கட்டாயத்திலிருந்து உங்களை விடுவிக்கிறோம்" என்று சொல்லி, அதற்கு ஈடாக வாரத்தை உயர்த்தினார்கள். சில இடங்களில் ரொக்கமாகவே கறந்துகொண்டார்கள். 1918-ல் சட்டம் வந்த பிறகே அந்தக் கட்டாயம் ஒழிந்தது.

பழங்கதை இப்போது எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். செடியிலிருந்து ரஸாயன சாலைக்குப் போன நீலம், இப்போது கண்ணுக்குப் புலப்படாத கிருமியின் வயிற்றுக்குள் புகுந்திருக்கிறது.

1983-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் சிலர், நாப்தலீனைத் தின்று ஜீவிக்கும் ஒரு பாக்டீரியாவின் ஜீன்களை எடுத்து, ஈ.கோலை என்னும் குடல் பாக்டீரியாவில் புகுத்தினார்கள். அந்தக் கிருமிக் கூட்டம் நீலம் பூத்துவிட்டது! கிருமியின் உடலில் இயல்பாக உண்டாகும் இந்தோல் என்ற பொருளைப் புதிய என்ஸைம் மாற்றிவிட, காற்றுப் பட்டதும் அது நீலச் சாயமாயிற்று. பின்னர் சர்க்கரையை ஊட்டி இதைத் தொழிலாக்கவும் முயன்றார்கள். ஆனால் ரஸாயன நீலத்தின் மலிவு விலைக்கு முன் அது நிற்கவில்லை.

நீலத்தைச் செய்வதோடு சங்கடம் தீர்ந்துவிடுவதுமில்லை. அது தண்ணீரில் கரையாது. நம் முன்னோர் சாயத் தொட்டியைப் புளிக்க வைத்தார்கள். அங்கே நீலத்தைக் கரைய வைத்தவையும் கிருமிகளே. பேர் தெரியாமலே அவற்றிடம் வேலை வாங்கிய கெட்டிக்காரர்கள் அவர்கள்! இன்றைய ஆலைகளோ ஸோடியம் டைதயோனைட்டைக் கொட்டுகின்றன. அதன் மிச்சம் கழிவுநீரில் கலந்து குழாய்களை அரிக்கிறது. ஜீன்ஸ் துணியின் நீலத்துக்கு ஆறுகள் கொடுக்கும் விலை இது.

2018-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலையில் ஜான் டியூபர் குழுவினர் இதற்கொரு யுக்தியை வெளியிட்டார்கள். ஜப்பானிய நீலச் செடியின் ஜீன் ஒன்றைக் கிருமிக்குக் கொடுத்தார்கள். நீலமாவதற்கு முன்பே கிருமி அந்தப் பொருளின்மேல் ஒரு சர்க்கரைத் துணுக்கைப் பூட்டிவிடுகிறது. அந்த நிலையில் அது கரையும்; கெடாமலும் இருக்கும். சாயமிடும் சமயத்தில் வேறோர் என்ஸைம் பூட்டைத் திறந்ததும் துணியின்மேலேயே நீலம் மலர்கிறது. டைதயோனைட் வேண்டியதில்லை. அவுரி இலையும் ஆதியிலிருந்து தன் நீலத்தை இப்படித்தான் பூட்டி வைத்திருக்கிறது; திண்டிவனம் பக்கத்தில் இலையைத் தொட்டியில் ஊறவைப்பவர்கள் திறப்பது அந்தப் பூட்டைத்தான்.

செலவுக் கணக்குத்தான் இன்னும் தடையாக நிற்கிறது. அதோடு இன்னொரு கணக்கும் உண்டு. கிருமி காற்றைக் குடித்து வாழ்வதில்லை. அதற்குச் சர்க்கரை வேண்டும். சர்க்கரைக்குக் கரும்போ சோளமோ வேண்டும். அதை யாருடைய நிலத்தில், யார் வைத்த விலைக்கு விளைவிப்பது என்று சம்பாரணிலிருந்து யாராவது கேட்டால், பரிசோதனைச் சாலையில் அதற்கு விடை கிடையாது.