மண் குதிரையும் மண் குதிரும்

'மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே' என்னும் பழமொழி குறிப்பது குதிரையை அன்று, ஆற்றிடை மணல்திட்டாகிய 'குதிர்' என்பதையே என்றொரு விளக்கம் பரவலாக வழங்குகிறது. இதனை ஏற்க நாம் தயங்குகிறோம். குதிர் இரண்டாம் வேற்றுமை ஏற்றால் 'குதிரை' என்றே நிற்கும். மக்கள் வழக்கோ 'குதிரையை' என்பது. பின்னர்த் திரிந்தது எனின் சான்று வேண்டும். உழவர் வழக்கில் குதிர் என்பது நெல் சேமிக்கும் கலன்.

மண் குதிரை தமிழர்க்குப் புதிதன்று. ஐயனார்க்கு வேளார் செய்தளிக்கும் புரவிகளை இன்றும் காண்கிறோம். எத்துணைப் பெரிதாயினும் அவை ஏறிச்செல்ல உதவா; சுடாத மண்ணாயின் நீரிற் கரையும். தோற்றத்தில் குதிரை, பயனில் மண் என்னும் இம்முரணில்தான் பழமொழியின் நகை உள்ளது. 'குதிர்' எனத் திருத்தின், அது வெறும் எச்சரிக்கையாகிவிடும். வழங்கும் வடிவை எழுதிய மாணவரின் விடையைப் பிழையெனக் கொள்ளல் முறையன்று.